பெரிய வெள்ளியன்று சுடாத துவக்கு

செபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் அமைதியாக எழுந்து, தொண்டையைச் செருமி, மெதுவாக ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது வராது. தலைமன்னாரில் என்னை வாய்க்காரி என்றால்தான் பலருக்குத் தெரியும். மடு மாதாவோடேயே சண்டை பிடித்தவள் நான். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் இன்றைக்கு எழுந்து நிற்கிறேன். இடையில் கொஞ்சம் சத்தம் போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஓர் ஆனி மாதப் பின்னேரம். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. செதில் கையோடு எடுத்தேன். காதர் சேர். முசலிப் பக்கத்தில் படிப்பிக்கிறவர். என்னைப்போலவே அவரும் மாணவர் படையணியில் ஓர் அதிகாரி.

"ரீச்சர், புறமோஷன் லிஸ்ட் வந்திட்டுது."

"சொல்லுங்கோ சேர்."

மீன் கத்தியைக் கீழே வைத்தேன்.

"எனக்குக் கிடைச்சிருக்கு. உங்கட பேர் இல்ல ரீச்சர்."

மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டே நின்றேன். கலைக்கவும் தோன்றவில்லை.

மாணவர் படையணி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அணிநடையும் ஒழுங்கும் பழக்குகிற படை. அதற்கு ஆசிரியர்களையே அதிகாரிகளாக எடுத்து, பயிற்சி கொடுத்து, தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். எனக்கு அப்போது இரண்டு நட்சத்திரம். லெப்டினன்ட். மூன்றாவது வந்தால் கப்டன். அந்த வருடத்தோடு எனக்கு லெப்டினன்டுக்கான வயதெல்லை முடிகிறது. கப்டனாக உயர்ந்தால் தொடரலாம். உயராவிட்டால் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டியதுதான். எங்கள் பாடசாலையில் வேறு அதிகாரி கிடையாது. நான் போனால் பெண்பிள்ளைகளின் அணியையும் கலைத்துவிடுவார்கள்.

நான் அந்த உடுப்பைப் போட்டபோது ஊரில் கதைக்காத ஆளில்லை. "உவளுக்கு விசரே, ஆரின்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு திரியிறாள்?" என்று என் காதுபடவே கேட்டார்கள். கேட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன். பார்வைக்கு அது இராணுவ உடுப்புத்தான், எல்லோரும் யுத்தத்தில் யாரையாவது இழந்தவர்கள். ஆனால் எங்கள் பெண்பிள்ளைகள் சீருடையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, தலையைக் குனிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள். யுத்தம் முடிந்த பிறகும் அப்படித்தான். எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். சீருடைக்குள்ளே ஒரு ரீச்சரும் இருக்கட்டும், பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கட்டும் என்றுதான் போனேன். அந்தப் பிள்ளைகள் பிறகு கொடிக்கம்பத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றபோது நான் பட்ட பேச்செல்லாம் மறந்துபோனது.

சரி, பெயர் ஏன் இல்லை? படையணிக் கந்தோரிலிருந்து ஒரேயொரு வரி வந்தது. பயிற்சித் தகைமை பூர்த்தியாகவில்லை. எந்தப் பயிற்சி? நான் போகாத முகாம் இல்லையே! பல தடவை தொலைபேசி எடுத்தேன், ஒவ்வொருவராகக் கைமாற்றிவிட்டார்கள், கடைசியில் ஒருவர் சொன்னார். அதிகாரிகளுக்கான அடிப்படை முகாமில் சூட்டுப் பரீட்சையை நான் செய்யவில்லையாம்.

உடனே எனக்கு நினைவு வந்தது. ஓம். செய்யவில்லைதான்.

அந்த முகாம் சித்திரை விடுமுறையில் நடந்தது. பல வருடங்களுக்கு முன்பு. மலைநாட்டுப் பக்கம். தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான், கத்தோலிக்கரும் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். சூட்டுப் பயிற்சித் திடல் எங்களுக்குக் கிடைத்த நாள் பெரிய வெள்ளி. எங்கள் ஊரில் பெரிய வெள்ளி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோயில் மணிகூட அடிக்காது. ஒருவரும் வள்ளம் இறக்கமாட்டார்கள். ஆணி அடிக்கமாட்டோம், கோடரி எடுக்கமாட்டோம், உலக்கை போடமாட்டோம். ஆண்டவரை ஆணியடித்த நாளில் சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். சுத்தியலே தொடாத நாளில் நான் துவக்கைத் தூக்குவதா?

பயிற்சி தந்த சார்ஜன்ட் குணதாசவிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். நல்ல மனுசன். அவர் பௌத்தர், மனைவி சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்ணாம். "தெரியும் மிஸ், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வருகிற கிழமை தனியாகச் சுடலாம்" என்றார். அன்றைக்கு நான் திடலில் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, ஒருசந்தி உபவாசம் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அடுத்த கிழமை சித்திரைப் புத்தாண்டு. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். முகாமை நேரத்தோடு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதென்று நானும் சந்தோசமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். இவ்வளவு காலமும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

என் கணவர் செபமாலை கடல்தொழில் செய்கிறவர். பேச்சுக் குறைவு. அன்றைக்கு வலையை உதறிப் போட்டுவிட்டு வந்து என் கதையை முழுதும் கேட்டார்.

"அப்ப மேன்முறையீடு செய்."

"செய்யத்தான் போறன். ஆனா என்னெண்டு நிரூபிக்கிறது? அந்த மனுசன் வந்து சொன்னாத்தானே நம்புவாங்கள்!"

"பதறாத காரியம் சிதறாது."

"உங்களுக்குச் சொல்ல லேசு! வயசு முடியப் போறது எனக்கல்லோ!"

அவர் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மேன்முறையீட்டை அனுப்பினேன். சார்ஜன்ட் குணதாசவைத் தேடத் தொடங்கினேன். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்லமாட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சும்மா சொன்ன பழமொழியில்லை, அதைக் கந்தோரில் வேலை செய்கிற ஒருவரைப் பார்த்துத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.

அந்த நாட்களில் நான் ஓரிடத்தில் இருந்ததில்லை. கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டுவேன். உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்ப்பேன். பாடசாலை விட்டதும் பழைய இறங்குதுறைப் பக்கம் விறுவிறுவென்று நடப்பேன். காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். நடந்து நடந்து மணிகளை உருட்டிச் செபமாலைச் செபம் சொல்லுவேன், பாதியில் மணி எத்தனை போனது என்று மறந்துபோகும். திரும்ப முதலிலிருந்து. செபமா அது? முறைப்பாடு. "அம்மா, எனக்கு அந்த மனுசனைக் காட்டும். வேற ஒண்டும் வேண்டாம். ஒரேயொரு ஆள்." இதைத்தான் காலையிலும் மாலையிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மடுக் கோயிலின் ஆவணித் திருவிழா வந்தது. அப்போது எனக்கொரு எண்ணம் பளிச்சென்று வந்தது. சார்ஜன்டின் மனைவி ஒவ்வொரு வருடமும் மடுவுக்கு வருவார் என்று அவர் முகாமில் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் மனைவியோடு அவரும் வருவார், மாதா அவரை மடுவில்தானே காட்டப்போகிறா! எனக்குச் சந்தேகமே இல்லை. என் மனுசன் செபமாலையையும் இழுத்துக்கொண்டு, திருவிழாவுக்கு முன்னமே போய்க் கோயிலைச் சுற்றியுள்ள காட்டுக்குள் கூடாரம் போட்டோம்.

சனமென்றால் அப்படியொரு சனம். சிலாபம், நீர்கொழும்பு, வென்னப்புவப் பக்கத்திலிருந்து வந்த சிங்களச் சனத்தின் கூடாரங்களுக்கிடையில் நான் வெயிலென்றும் பாராமல் திரிந்தேன். முதுகு நேராக நடக்கிற ஆணைக் கண்டால் போதும், "சார்ஜன்ட் மாத்தயாவா?" என்று கேட்டுவிடுவேன். ஒருவர் பேக்கரிக்காரர். ஒருவர் பாதிரியார். பாதிரியார் என்னை ஆசீர்வதித்து அனுப்பிவைத்தார். ஒரு சிங்கள அம்மா என்னைப் பிடித்து இருத்தித் தேத்தண்ணி தந்து, ஆரைத் தொலைத்துவிட்டாய் மகளே என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திருச்சொரூபம் பவனி வந்து, ஆசீர்வாதம் முடிந்து, கூடாரங்களைக் கழற்றத் தொடங்கினார்கள். சார்ஜன்ட் வரவேயில்லை.

நான் கோயிலுக்குள் போய் மாதாவுக்கு முன்னால் நின்றேன். முழந்தாளிடவில்லை. "உம்மட்ட என்ன கேட்டன்? காசு கேட்டனானோ? வீடு கேட்டனானோ? ஒரு மனுசனைத்தானே கேட்டன்! உம்மட மகன்ர பாடுகளுக்காக மரியாதை செய்யப் போய்த்தானே நான் இப்ப இந்தக் கரைச்சலில நிக்கிறன்!" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செபமாலை என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். வழி முழுக்க நான் ஒன்றும் கதைக்கவில்லை. நான் கதைக்காமல் இருந்ததைப் பார்த்துத்தான் அவர் உண்மையில் பயந்தார் என்று பிறகு சொன்னார்.

புரட்டாதியில் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கொழும்பில். அன்றைக்கே காதர் சேர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வெயிலில் கறுத்துப்போன முகம். கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், நான் ஒண்டு சொல்றன், கோவிக்கக் கூடாது. சுகமில்லாமப் போய்ச் சுடாம விட்டவங்களுக்கு விட்டுக்குடுத்திருக்காங்க. அண்டைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுங்க. அவ்வளவுதான். ஒரு கடதாசியும் எடுத்துத் தரலாம்."

"பெரிய வெள்ளி எண்டு சொன்னா?"

"அப்படியொரு காரணம் அவங்கட சட்டத்தில இல்ல. அதுக்குள்ள நீங்க தமிழ். சும்மா பிடிவாதம் பிடிக்கிறீங்க எண்டு நினைப்பாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளின் அணி கலையக்கூடாது என்று அவருக்கும் கவலை. நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா! ஒரு காய்ச்சல். யாருக்கு நட்டம்? இரண்டு நாள் அந்தக் காய்ச்சலை மனதுக்குள் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தலையிடியோடு சேர்ந்து வந்ததென்றுகூடச் சோடித்துவிட்டேன். பிறகு செபமாலையிடம் சொன்னேன்.

"பொய் சொல்லாதை எண்டு நான் சொல்லமாட்டன்," என்றார் அவர். "ஆனா நீ பொய் சொன்னா உன்ர முகம் காட்டிக் குடுத்திடும். கலியாணம் கட்டின நாளிலயிருந்து பாக்கிறன். ஒருநாளும் சரிவந்ததில்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் அந்த இடத்தில்தான் ஏதோ தெளிந்தது. சுடமாட்டேன் என்று ஆண்டவருக்காகச் சொன்ன நாளை, காய்ச்சல் நாள் என்று நானே மாற்றிச் சொல்லிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு சிலுவையில் உதடு வைத்து முத்தி செய்யப் போவேன்? காதர் சேருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"நீங்க பிடிவாதக்காரிதான் ரீச்சர். சரி, போங்க. நானும் துஆச் செய்றன்."

கொழும்பில் மச்சாள் வீட்டில் தங்கி, காலையில் உடுப்பைப் போட்டுக்கொண்டு போனேன். வெளியே ஒரு கதிரையில் இருத்தினார்கள். எழுந்தேன், இருந்தேன், எழுந்தேன். காவலுக்கு நின்ற பிள்ளை என்னை ஒருமாதிரிப் பார்த்தது. செபமாலை மணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மந்திரம்கூட முழுதாகச் சொல்ல வரவில்லை. கடைசியில் சொன்னேன்: "அம்மா, நான் உம்மோட சண்டை பிடிச்சது பிடிச்சதுதான். அதைப் பிறகு பாப்பம். இப்ப என்ர வாயை மட்டும் பிடிச்சுக்கொள்ளும். உண்மையைச் சொல்ல விடும், கூடக்குறையச் சொல்ல விடாதையும்." மூன்று மாதத்தில் நான் சொன்ன முதல் செபம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர். இடப்பக்கம் ஒரு பெண் மேஜர். வலப்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு கேணல். அவர் சிரிக்கவேயில்லை. மொழிபெயர்க்க ஒரு தமிழ் உத்தியோகத்தர் பக்கத்தில் நின்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். யார் அனுமதி தந்தது என்று தலைவர் கேட்டார். சார்ஜன்டின் பெயரைச் சொன்னேன். அவரைத் தேடியும் கிடைக்கவில்லை என்றேன். தலைவர் உதட்டைப் பிதுக்கினார். பெண் மேஜர் ஏதோ எழுதினார். அப்போதுதான் கேணல் முன்னுக்குச் சாய்ந்தார். சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்க்க முதலே எனக்கு விளங்கிவிட்டது.

"நீங்கள் ஓர் அதிகாரி. பெரிய வெள்ளியன்று யுத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்? துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவீர்களா?"

எனக்குச் சூடேறியது. வாயைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டேன் அல்லவா, ஆனால் வாய் திறந்துவிட்டது. சிங்களம் எங்கே போனதென்று தெரியவில்லை. தமிழில்தான் வந்தது.

"சேர், எங்கட ஊருக்கு யுத்தம் வரேக்க இண்டைக்குப் பெரிய வெள்ளியோ, நத்தாரோ எண்டு கேட்டு வரேல்லை. யுத்தம் எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு அங்க நிண்டது எதிரியில்லை, சுடுறதுக்கு வைச்ச அட்டை. அட்டை அடுத்த நாளும் அதே இடத்தில நிண்டிருக்கும். ஓடியிருக்காது."

உத்தியோகத்தர் விழித்தார். அந்த மனுசனுக்கு வியர்த்துப்போனது.

"சொல்லுங்கோ," என்றேன். "அப்பிடியே சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடாதையுங்கோ."

அவர் சொன்னார். கடவுளே, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தது. என் வாயால் அந்த அணி போகப் போகிறது, வேறெதனாலும் இல்லை.

கேணல் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெரிய வெள்ளிக்கு உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?"

நான் திகைத்துப்போனேன். "கஞ்சி, சேர். பின்னேரம். ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கினாப் பிறகு."

அவர் மற்ற இருவரையும் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். "எங்கள் ஊரிலும் கஞ்சிதான். சிலாபத்துக்கு இந்தப் பக்கம் கரை முழுக்க அப்படித்தான். எங்கள் அம்மா அன்றைக்குத் தேங்காய்கூட உடைக்க விடமாட்டார். இவர் சொல்லுவது கதையில்லை. ஒரு கத்தோலிக்கப் பெண் அன்றைக்குச் சுட்டிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பெரிய வெள்ளி என்றால் என்னவென்று தெரிந்த ஒரு சிங்கள மனுசனைத்தானே மாதாவிடம் கேட்டேன்! காடு முழுக்க நான் கூடாரம் கூடாரமாகத் தேடித் திரிய, அவ ஒருவரை அந்த மேசையிலேயே இருத்தி வைத்திருந்தா. அதுவும் நான் ஆகப் பயந்த மனுசனை.

ஆனால் அத்தோடு முடியவில்லை. கேணல் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முகம் பழையபடி இறுகியது. "காரணத்தை ஏற்கலாம். தகைமையை விட்டுக்கொடுக்க முடியாது. சுடாதவர் சுட்டே ஆகவேண்டும்," என்றார். தலைவரோடு கொஞ்ச நேரம் கதைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கும் வெள்ளிக்கிழமைதான். ஆனால் பெரிய வெள்ளியில்லை. சுடலாமா?"

பெண் மேஜர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். "சுடலாம் சேர்," என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். துவக்கைத் தொட்டு எத்தனையோ காலம்!

மறுநாள் காலை திடலில் படுத்தபோது முழங்கை மண்ணில் உரசி எரிந்தது. வாசிக்கிற கண்ணாடியை மச்சாள் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன், நல்ல வேளை, தூரத்துக்கு அது தேவைப்படவில்லை. முதல் வெடி வெடித்தது. பயிற்சிக்கு வந்த சத்தமாக அது எனக்குக் கேட்கவில்லை. பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்த நாட்களின் சத்தமாகக் கேட்டது. முதல் சுற்று முழுதும் மண்மேட்டுக்குத்தான் போனது.

பக்கத்தில் நின்ற பெண் சிப்பாய் குனிந்தாள். சின்னப் பிள்ளை. உடைந்த தமிழில் சொன்னாள்: "அக்கா, அவசரம் வேண்டாம். மூச்சு விடுங்கோ. பிறகு."

அவசரம் வேண்டாமாம். வாழ்நாள் முழுக்க எனக்கு எல்லோரும் சொன்னதைத்தான் அந்தப் பிள்ளையும் சொன்னது. அன்றைக்குத்தான் கேட்டேன். அருள் நிறைந்த மரியே என்ற மந்திரத்தை முழுதாகச் சொல்ல நேரமில்லை. "அம்மா" என்றேன். மூச்சை விட்டேன். விரலை மடக்கினேன். அடுத்ததும், அதற்கடுத்ததும் அட்டையில் பட்டது. கடைசியில் அந்தப் பிள்ளை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தியது. "ஹரி மிஸ்! பாஸ்!" நான் எழும்பவில்லை. மண்ணிலேயே முகத்தை வைத்து அழுதேன். ஆகத் திறமாகச் சுட்டேன் என்று சொல்லமாட்டேன். தட்டுத்தடுமாறித்தான் தேறினேன்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை செபமாலைக்கு மட்டும்தான் சொன்னேன்.

கையெழுத்து வைக்கக் கந்தோருக்குத் திரும்ப வந்தபோது கேணல் நடையில் நின்றார். நான் மரியாதை செய்தேன். அவர் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில் சொன்னார்: "நான் பெரிய வெள்ளியன்று சுட்டிருக்கிறேன். வன்னியில். அட்டையை இல்லை. நீங்கள் மடுவுக்குக் கிட்ட இருக்கிறவர். போனால் எனக்காகவும் மாதாவிடம் கேளுங்கள்."

எனக்கு ஒரு தம்பி இருந்தான். வன்னியில்தான் போனான். எந்த நாளென்று இன்றைக்கும் தெரியாது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த மனுசனின் முகத்தைப் பார்த்தேன். என் வாய் அன்றைக்குத்தான் உண்மையாக அடைத்துப்போனது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி மழையோடு செய்தி வந்தது. முதலில் அழைத்தவர் காதர் சேர்தான். "கப்டன் ரீச்சர், ஸலாம்!" என்று கத்தினார். பாடசாலையில் பிள்ளைகள் என்னைத் தூக்காத குறை. செபமாலை கடலிலிருந்து வந்து, ஈரக் கையோடு, பெரிய பாரை மீனைத் தூக்கிக் காட்டி, "கப்டனுக்கு" என்றார். மனுசன் அன்றைக்குத்தான் பகிடி விட்டார். அணி இன்றைக்கும் இருக்கிறது. அதில் பழகிய பிள்ளை ஒருத்தி இப்போது என்னோடு ஆசிரியையாக இருக்கிறாள். முகாம்களுக்கு அட்டவணை போடும்போது என்னையும் கூப்பிடுகிறார்கள். நோன்பு எப்போது, சிவராத்திரி எப்போது, பௌர்ணமிப் போயா எப்போது என்று முதலில் கேட்பவள் நான்தான். வாய்க்காரியாக இருப்பதில் அப்படியொரு பிரயோசனமும் உண்டு.

ஆனால் மடுவுக்கு நன்றி சொல்லப் போனபோது அந்தக் கேணலுக்காகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் நட்சத்திரத்துக்கு நன்றி சொன்னேன், சண்டை பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், மெழுகுதிரி கொளுத்தினேன். "அம்மா, இது மட்டும் ஏலாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மார்கழி போனது, தை போனது, மாசி போனது. நான் கேட்டதைத் தந்தவ, இப்போது என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நிற்கிறா என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒளித்துத் திரிந்தேன். கிணற்றடியில் நின்றாலும் அந்த மனுசனின் குரல் கேட்கும். நித்திரையில்லை. பதவி உயர்வுக்காகத் துடித்த நாட்கள் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் கோயிலில் ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கினார்கள். சனம் வரிசையாகப் போய் முத்தி செய்தது. என் முறை வந்தது. குனிந்தேன். ஆணி போன அந்தக் கையில் உதட்டை வைத்ததும் என் தம்பியின் பெயர் வந்தது. சொன்னேன். அதற்குப் பின்னால், நான் கூப்பிடாமலே, அந்த மனுசனும் வந்தார். பெயர்கூடச் சரியாகத் தெரியாது. "இவரையும் ஆண்டவரே. ரெண்டு பேரையும்." அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லித் தள்ளும்வரைக்கும் எழும்பவில்லை. வெளியே வந்து செபமாலைக்குப் பக்கத்தில் மணலில் இருந்து கஞ்சி குடித்தேன். அன்றிரவு படுத்ததும் நித்திரையாகிவிட்டேனாம். கதைத்துக் கதைத்துத்தான் நித்திரையாகிறவள், அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று அவர் சொல்லுகிறார்.

கேட்பது கிடைக்கவில்லை என்று மாதாவோடு கோபித்துக்கொண்டு இங்கே இருக்கிறவர்கள் இருந்தால், கோபித்துக்கொள்ளுங்கள். சண்டை பிடியுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அவ பயப்படமாட்டா, ஓடவும் மாட்டா. ஆனால் ஒன்று சொல்லுகிறேன், நீங்கள் கேட்டதைத் தந்துவிட்டு அவ திரும்ப உங்களிடம் ஒன்று கேட்பா. அதைத் தரப் பஞ்சிப்பட்டுப் பின்வாங்காதையுங்கோ. நான் ஆறு மாதம் பஞ்சிப்பட்டேன். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் இப்போது நான் இரண்டு பேரைச் சொல்லித்தான் சிலுவையை முத்தி செய்கிறேன். முடிந்தால் இந்த வருடம் நீங்களும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள். தம்பியின் பெயர் யேசுதாசன். மற்றவரை ஆண்டவருக்குத் தெரியும்.